சனிக்கிழமைகளில் கிளம்பாத கார்

முதல் தடவை கார் கிளம்பாமல் நின்றது ஒரு சனிக்கிழமை காலை. சாவியைத் திருப்பினேன். உள்ளே எங்கோ ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன். முன்னால் எரிந்துகொண்டிருந்த சின்ன விளக்குகள் மங்கிப்போய், அந்த ‘டிக்’ கூட வரவில்லை.

என் கணவர் பைக்கை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அவருக்கு ஹார்டுவேர் கடை. ஒன்பது மணிக்குள் ஷட்டரைத் தூக்கியாக வேண்டும்.

“இன்னா ஆச்சு?”

“கிளம்பல.”

“ஆபீஸுக்குத்தானே? ஏறு, விட்டுட்டுப் போறேன்.”

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. எங்கள் வீடு வேங்கிக்காலைத் தாண்டி, புதிதாக மனை போட்ட பகுதியில் இருக்கிறது. ஆபீஸ் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். மற்ற நாட்களில் கூட வேலை செய்யும் ஒருத்தியின் ஸ்கூட்டியில் போய்விடுவேன். சனிக்கிழமை அவள் வரமாட்டாள், அதனால் கார் என்று சொல்லியிருந்தேன். சனிக்கிழமை ஆபீஸே கிடையாது என்பதை மட்டும் சொல்லவில்லை. “வேலை பாக்கி இருக்கு” என்று நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பைக்கில் ஏறினேன். என் மடியில் இருந்த பையில் கோப்பு எதுவும் இல்லை. பருப்புக் குழம்பும் கீரைக்கூட்டும் ரசமும் அடுக்கிய டிபன் கேரியர் இருந்தது. ஆபீஸ் கேட்டில் இறக்கிவிட்டு அவர் போய்விட்டார். பூட்டிய கட்டிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காவலாளி வந்து, “இன்னிக்கு லீவாச்சே மேடம்?” என்றார். ஒரு பேப்பரை மறந்து வைத்துவிட்டேன், திங்கட்கிழமை பார்த்துக்கொள்கிறேன் என்று அவரிடமும் ஒரு பொய் சொல்லிவிட்டு, பைக் கண்ணுக்கு மறைந்துவிட்டதா என்று பார்த்த பிறகு ஆட்டோ பிடித்து வீட்டுக்குத் திரும்பினேன். அந்தக் குழம்பை நானே மூன்று வேளையும் சாப்பிட்டேன்.

அந்தச் சாப்பாடு என் தங்கைக்கு எடுத்துப்போக இருந்தது. என்னைவிட ஒன்பது வயது சின்னவள். பத்து வருடத்துக்கு முன்னால், பத்திரிகை கொடுத்து, மண்டபமும் பேசி முடித்த பிறகு, கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, அவள் விரும்பிய பையனோடு போய்விட்டாள். கல்யாணம் நின்றுபோன அந்த மாப்பிள்ளை என் கணவரின் சித்தப்பா மகன். சம்பந்தத்தைப் பேசி முடித்ததும் என் கணவர்தான். பத்திரிகை வைத்த ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே போய், கல்யாணம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். கடைசி வீட்டிலிருந்து திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி, “இனிமே அவ பேரு இந்த வீட்ல வரக்கூடாது” என்றார். வரவில்லை.

நான்கு மாதத்துக்கு முன்னால், அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகியிருப்பதாக ஆபீஸுக்கு மனு கொடுக்க வந்த ஒரு பெண் பேச்சுவாக்கில் சொன்னாள். கீழ்பென்னாத்தூரில் தையல் கடை வைத்திருக்கிறாளாம். புருஷன் வேன் ஓட்டுகிறானாம். அந்த வாரச் சனிக்கிழமை நான் போய் நின்றேன். கதவைத் திறந்தது எட்டு வயதுப் பெண் குழந்தை. “நீங்க யாரு?” என்று கேட்டது. பெரியம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு, கார் நின்ற அன்று வரை, எந்தச் சனிக்கிழமையும் தவறியதில்லை. பஸ்ஸில் போனால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள். கீழ்பென்னாத்தூர்க்காரர்களில் பாதிப் பேர் என் கணவர் கடையில்தான் பைப்பும் பெயிண்டும் வாங்குகிறார்கள். அதனால்தான் கார்.

மறுநாள் மெக்கானிக் வந்து பேட்டரி போய்விட்டது என்று சொல்லி, புதிது மாற்றினார். அடுத்த சனிக்கிழமை கார் ஒழுங்காகக் கிளம்பியது. அதற்கடுத்த சனிக்கிழமை மறுபடி ‘டிக்’.

புதுப் பேட்டரி எப்படி இரண்டு வாரத்தில் போகும்? எனக்கு மெக்கானிக் மேல் சந்தேகம் வந்தது. சந்தேகப்படுவது எனக்குப் புதிதல்ல, என் வேலையே அதுதான். சான்றிதழ் கேட்டு வரும் மனுக்களில் எந்தக் கையெழுத்து சரி, எந்த முத்திரை சரியில்லை என்று பார்ப்பதில் இருபது வருடம் போயிருக்கிறது. பேட்டரியின் மேல் இருந்த எண்ணையும் ரசீதில் இருந்த எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. அதுவும் எனக்குத் திருப்தி தரவில்லை, ஆனாலும் அவரையே கூப்பிட்டுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டேன்.

அடுத்து எதிர்வீட்டுக்காரர். எங்கள் தெரு அகலம் குறைவு. அவர் தன் கேட்டுக்கு முன்னால் என் கார் நிற்கிறது என்று இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறார். போதாததற்கு, அந்த வாரம் பௌர்ணமி. கிரிவலத்துக்கு வந்த வெளியூர் வண்டிகளெல்லாம் எங்கள் தெரு வரைக்கும் வந்து நின்றிருந்தன. யார் வேண்டுமானாலும் எதையாவது பிடுங்கியிருக்கலாம். பானெட்டின் இடுக்கு நெடுகக் கோலமாவை மெல்லிய கோடாகத் தூவி வைத்தேன். யாராவது திறந்தால் கோடு கலையும். தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் போய்ப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை வரை கோடு கலையவே இல்லை. சனிக்கிழமை சாவியைப் போட்டால் வண்டி கிளம்பவில்லை.

அன்று காலைதான் என் கணவர், டீயை ஆற்றிக்கொண்டே, “சனிக்கிழமையானாதான் மக்கர் பண்ணுது, பாத்தியா?” என்றார்.

அதில் ஏதோ இருப்பது போல் பட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் டீயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாரம் பூரா நிக்குது, அதான்” என்றேன்.

“எங்க கடைப் பக்கம் ஒரு பாய் இருக்காரு. வண்டி எலெக்ட்ரிக் வேலை. அனுப்பட்டுமா?”

“வேணாம், நானே பாத்துக்கறேன்.”

அவர் அனுப்பும் ஆள் எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆபீஸில் விசாரித்து ஒரு எலெக்ட்ரீஷியனின் எண்ணை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை என் கணவர் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து வரச் சொன்னேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தொப்பியும் கண்ணாடியும், சட்டைப் பையில் டெஸ்டரும். வந்ததும் வீட்டை ஒரு முறை பார்த்துவிட்டு, “இது ஹார்டுவேர் சார் வீடாச்சே?” என்றார். நான் தேடிப் பிடித்த ஆளும் அதே பாய்தான்.

திருப்பி அனுப்ப முடியாது. பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

அவர் அவசரப்படவில்லை. முதலில் இன்னொரு பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்து வண்டியைக் கிளப்பினார். என்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏறுகிறதா என்று மீட்டரில் பார்த்தார். “ஏறுது. டைனமோல ஒண்ணும் இல்ல” என்றார். என்ஜினை நிறுத்தி, கதவுகளை மூடி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் பேட்டரியின் ஒரு ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை வைத்தார். எண்களைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

“வண்டி தூங்கறப்போ கரண்ட் ரொம்பக் கம்மியாதான் போகணும். இது ஜாஸ்தி போவுது. யாரோ உள்ள உக்காந்து குடிச்சுகினே இருக்காங்க மா.”

“யாரு?”

“அதான் பாக்கணும்.”

ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு மீட்டரைப் பார்த்தார். பிடுங்கியதைத் திரும்பப் போட்டார். ஐந்தாறு பிடுங்கியும் எண் அசையவில்லை. அடுத்ததைப் பிடுங்கியதும் சட்டென்று இறங்கியது. ரேடியோவுக்குப் போகும் ஃப்யூஸ். ரேடியோவையே கழற்றி வெளியே வைத்தார். மறுபடி ஃப்யூஸைப் போட்டால் எண் பழையபடி ஏறியது. பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ரேடியோ இருந்த பொந்துக்குள் டார்ச் அடித்தார்.

“கம்பெனி ஒயர் இல்ல இது. நடுவுல ஒருத்தன் சேத்திருக்கான்.”

அந்த ஒயரின் மறுமுனையில், டேஷ்போர்டுக்குப் பின்னால், கறுப்பு டேப் சுற்றிய தீப்பெட்டி அளவு பெட்டி ஒன்று இருந்தது. ஓரத்தில் சின்னதாக ஒரு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

“ஜிபிஎஸ் மா. வண்டி எங்க போவுது, எங்க நிக்குதுன்னு போன்ல காட்டும். உள்ள இருக்கற குட்டி பேட்டரி உப்பிப் போச்சு. அதான் சார்ஜ் பிடிக்காம உங்க பேட்டரிய உறிஞ்சுது.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உங்களுக்குத் தெரியாதா?” என்றார்.

 கார் எங்கே போகிறது என்று யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அது யாராக இருக்கும் என்று யோசிக்க எனக்கு நேரமே தேவைப்படவில்லை.

“கழட்டிடவா?”

“வேணாம் பாய். ரெண்டு நாள் இருக்கட்டும்.”

“பேட்டரி திரும்ப எறங்கிடும் மா.”

“எறங்கட்டும். யார்கிட்டயும் சொல்லாதீங்க. சார்கிட்ட கூட.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வேவு பார்க்கப்படுகிறவள் நான், ஆனால் அவர் சந்தேகப்பட்டது என்னைத்தான். ரேடியோவை உள்ளே தள்ளி மூடினார். போகும்போது, “டேப் மேல தூசி படிஞ்சிருக்கு மா, பழைய வேலைதான்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதையும் நான் நம்பவில்லை.

அடுத்த இரண்டு நாள் நான் என் கணவரைக் கவனித்த மாதிரி, கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் கவனித்ததில்லை. சாப்பிடும்போது போனைத் திருப்பி வைக்கிறாரா? குளிக்கப் போகும்போது எடுத்துப் போகிறாரா? என்னைப் பார்த்ததும் பொத்தானை அழுத்தித் திரையை அணைக்கிறாரா? எல்லாமே செய்தார். எல்லோரும் செய்வதுதான் என்று இப்போது தெரிகிறது. அப்போது ஒவ்வொன்றும் சாட்சியாக இருந்தது.

திங்கட்கிழமை ஆபீஸிலிருந்து வந்ததும் காரை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனேன். எனக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. முக்கால் மணி நேரம் வாசலில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். அவர் கேட்பாரா என்று பார்ப்பதற்காகத்தான். தோசையைப் பிய்த்தபடி, “வண்டிய எடுத்தியா?” என்றார்.

“ஏன் கேக்கறீங்க?”

“தள்ளி நிக்குதே. எதிர்வீட்டுக்காரர் கத்தப் போறாரு.”

உண்மையிலேயே வண்டி தள்ளித்தான் நின்றிருந்தது. அவர் கேட்டது எதனால் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ரயில் நிலையத்தில் உட்கார்ந்ததுதான் மிச்சம்.

பெட்டி பழையது என்று பாய் சொன்னது மட்டும் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. புதன்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாக அனுமதி கேட்டுக்கொண்டு, காரை எங்களுக்கு விற்ற அம்மாவைப் பார்க்கப் போனேன். செங்கம் ரோட்டில், ஆசிரமப் பகுதியில், மாடியில் ஐந்தாறு அறைகள் கட்டி வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். விருந்தாளிகளைச் சென்னை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வருவதற்காக இந்தக் காரை வைத்திருந்தார். ஏழு மாதத்துக்கு முன்னால் எங்களுக்குக் கொடுத்தார். நான் போனபோது மொட்டை மாடியில் போர்வைகள் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அதுவா? டிரைவருங்களுக்காக மாட்டினது மா. ஏர்போர்ட்டுக்குனு சொல்லிட்டு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போய் படுத்துக்குவானுங்க. சந்தேகம் வந்துச்சு, மாட்டிட்டேன்.”

 அப்படியானால் அவர் இல்லை.

“எங்ககிட்ட குடுக்கும்போது சொல்லியிருக்கலாமே மேடம்?”

அந்த அம்மா போர்வையைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினார். “சொன்னேனே. உங்க வீட்டுக்காரர்கிட்ட. அவரு போன்லயே போட்டுக் குடுத்தோமே! வீட்ல இப்பதான் ஓட்டப் பழகறாங்க, எங்கனா நின்னுடுச்சுன்னா தெரியும், இருக்கட்டும்னாரு.”

மாடிப்படியில் இறங்கினேன். முதல் நாளிலிருந்து அவருக்குத் தெரியும். அப்படியென்றால் கீழ்பென்னாத்தூரும் தெரியும். ஆபீஸில் வேலை பாக்கி என்று நான் சொன்ன ஒவ்வொரு சனிக்கிழமையும் தெரியும். பூட்டிய ஆபீஸ் கேட்டில் என்னை இறக்கிவிட்ட அன்றும் தெரிந்துதான் இறக்கிவிட்டார்.

வீட்டுக்குப் போய்க் காத்திருக்க என்னால் முடியவில்லை. நேராகக் கடைக்குப் போனேன். ஒருவருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மாறியது. நான் கடைக்கு வருவது பண்டிகைக்கு ஒரு முறைதான்.

“கார்ல இருக்கற பொட்டி உங்களுக்குத் தெரியுமா?”

“இரு” என்றார். ஆணியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, அந்த ஆளை அனுப்பினார்.

“எப்போலேர்ந்து தெரியும்?” என்றேன்.

“எது? பொட்டியா, கீழ்பென்னாத்தூரா?”

 பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

“மொதல்ல ஒண்ணும் நெனைக்கல” என்றார். “ஏதோ பாக்கலாமேனு ஒரு சனிக்கிழமை பாத்தேன். ஆபீஸ்னு சொன்ன, வண்டி கீழ்பென்னாத்தூர்ல நிக்குது. அடுத்த வாரமும் அங்கயே நிக்குது. அப்புறம் வேற மாதிரி நெனச்சேன்.”

“வேற மாதிரின்னா?”

அவர் தராசுத் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்தது. 

“அப்படி நெனச்சீங்களா என்ன?”

“நெனச்சேன். இல்லன்னு எப்படிச் சொல்றது? மூணாவது வாரம் கடைய மூடிட்டு நானே போனேன். எதிர்ல ஒரு டீக்கடை இருக்குல்ல, அங்க உக்காந்தேன். நீ வெளிய வந்த. உன் தோளப் புடிச்சுகினு ஒரு பொம்பள நடந்து வந்தா. யாருனே தெரியல எனக்கு. கேட் வரைக்கும் வந்து சிரிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. அப்படி எளச்சுட்டாளே அவ.”

பத்து வருடத்தில் அவர் வாயிலிருந்து தங்கையைப் பற்றி வந்த முதல் வார்த்தை அது. ஒருவர் வந்து பைப்புக்கு அரை இஞ்ச் எல்போ நான்கு கேட்டார். எடுத்துக் கொடுத்தார். அந்த ஆள் சில்லறை வாங்கிப் போகும் வரை நாங்கள் இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அன்னிக்கே வீட்டுக்கு வந்து கேட்டிருக்கலாமே?” என்றேன்.

“இன்னானு கேக்கறது? கேட்டேன்னா ஒண்ணு போனு சொல்லணும், இல்ல போகாதனு சொல்லணும். ரெண்டும் எனக்கு வரல. தெரியாத மாதிரி இருந்துட்டா ஒண்ணும் சொல்ல வேணாம் இல்ல?”

“நாலு மாசமா நான் பொய் சொல்றதப் பாத்துகினே இருந்தீங்க.”

“நீயுந்தான் நாலு மாசமா சொல்லிகினே இருந்த.”

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அவர் நல்லவராக இருந்தார் என்று சொல்வதா, ஒளிந்திருந்து பார்த்தார் என்று சொல்வதா என்று தெரியவில்லை. நான் செய்ததற்கும் அதே கேள்விதான். ஆபீஸில் ஒரு கையெழுத்தைப் பார்த்து சரி, தவறு என்று ஒதுக்கிவிடுவேன். இங்கே இருவர் கையெழுத்தும் ஒரே தாளில் இருந்தது.

“கார் நின்னப்போ பொட்டிதான் காரணம்னு தெரியுமா?” என்று கேட்டேன்.

“சத்தியமா தெரியாது. நீ எதிர்வீட்டுக்காரரச் சொன்ன, நானும் அவர்தான்னு நெனச்சேன்” என்றார். அதில் மட்டும் இருவருக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

மறுநாளே பாய் வந்து பெட்டியைக் கழற்றினார். மீட்டரில் எண் இறங்கி நின்றதை எனக்குக் காட்டினார். ஒயரின் முனைகளை டேப் சுற்றி மூடிவிட்டு, “இனிமே நிம்மதியா தூங்கும்” என்றார். சார் மேல் சந்தேகம் தீர்ந்ததா என்று அவர் கேட்கவில்லை. 

சனிக்கிழமை காலை கார் முதல் திருப்பிலேயே கிளம்பியது. என் கணவர் பைக்கை நிறுத்திவிட்டுக் கார் ஜன்னல் பக்கம் வந்தார்.

“எப்போ வருவ?”

“மூணு மணி ஆவும். தங்கச்சி வீட்லதான் இருப்பேன்.”

சொல்வதற்கு எவ்வளவு சின்ன வாக்கியம் அது! அவர் தலையை மட்டும் ஆட்டினார். செஞ்சி ரோட்டில் வேலை நடக்கிறது, மெதுவாகப் போ என்றார். நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. நானும் கூப்பிடவில்லை. இன்று வரை அவர் அந்த வீட்டுப் படி ஏறியதில்லை.

தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். டீக்கடை என்றதும் எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

“எங்க உக்காந்திருந்தாரு?”

“எனக்கெப்படித் தெரியும்? நான்தான் பாக்கலையே.”

எதிர்ப்பக்கம் தகரக் கூரையின் கீழே இரண்டு பெஞ்சுகள் கிடந்தன. ஒன்றில் இரண்டு பேர் மல்லாட்டையைத் தோலுடைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். இன்னொன்று காலியாக இருந்தது. அவள் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வேவு பாக்க வந்தாராக்கா, இல்ல என்னப் பாக்க வந்தாரா?”

“வரும்போது வேவு பாக்கத்தான் வந்தாரு” என்றேன். “போகும்போது என்னன்னு தெரியல.”

அவள் மிஷினுக்குத் திரும்பினாள். நான் கேரியரைப் பிரித்துத் தட்டுகளை எடுத்து வைத்தேன். உள்ளேயிருந்து குழந்தை ஓடி வந்து, “பெரியம்மா, இன்னிக்கு இன்னா குழம்பு?” என்று மூடியைத் திறந்தது.